அம்மாதான் பேசறேன்

அத்தியாயம் பதினொன்று

நாலு வயது முடிந்தும் கிளி தன் அம்மாவை ஒரு தடவைகூட "அம்மா" என்று கூப்பிட்டதில்லை.

பேச்சு வராமல் இல்லை. லிப்டில் ஒலிக்கும் அறிவிப்பை அப்படியே சொல்வாள். ரேடியோ விளம்பரம், கீழ்வீட்டுக்காரர் போனில் போடும் சண்டை, கடைக்காரர் மீதிச் சில்லறைக்குச் சொல்லும் சாக்கு, எல்லாம் அச்சு அசலாக வரும். இரண்டு வயதில் அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கிளி என்று செல்லப் பெயர் வந்ததே அதனால்தான். அவள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளில் அவளுடைய சொந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பது அம்மாவுக்குப் பிறகுதான் உறைத்தது. தாகம் எடுத்தால்கூட "தண்ணி வேணுமா?" என்று அம்மாவின் குரலிலேயே அம்மாவைக் கேட்பாள்.

இப்போதெல்லாம் அந்தச் செல்லப் பெயரை அம்மா குரலைத் தாழ்த்தித்தான் கூப்பிடுகிறாள்.

மீதிக் கதை இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். மழலைப் பள்ளி ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னது, குழந்தை மருத்துவர் "ஆட்டிசமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், முறையாப் பார்த்தாதான் தெரியும்" என்றது, குழந்தை வளர்ச்சி மையத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தது எல்லாம் பழங்கதை. போன வாரம் ஒருவழியாகத் தேதி வந்துவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை.

"பகல்ல குழந்தையைப் பாத்துக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். அதை அம்மா சொன்னபோது அத்தை வாயே திறக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை எதற்குத்தான் வாய் திறந்தாள்! கிளியின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா அவள். பின்தெருவில் தனியாக இருக்கிறாள். அம்மா பல்செட் செய்யும் கூடத்துக்கும் அப்பா லிப்ட் ரிப்பேருக்கும் போய்விட்டால், கிளி அவள் பொறுப்பு. "எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நான் ரெண்டு லிப்டை ஓட வெச்சிடுவேன்" என்பார் அப்பா.

புதன்கிழமை காலை. சாக்ஸ் மாட்டும் நேரம்.

கிளிக்கு சாக்ஸின் நுனித் தையல் ஆகாது. விரலில் பட்டால் நெருப்பை மிதித்த மாதிரி துடிப்பாள். அதனால் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போட வேண்டும். அம்மா தரையில் உட்கார்ந்து அந்தச் சின்னப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் மெதுவாக இழுத்தாள். கிளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மாதான் பேசறேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"என்னங்க! இங்க வாங்க! சீக்கிரம்!"

அப்பா ஒரு காலில் ஷூவோடு ஓடி வந்தார். "என்ன, விழுந்துட்டாளா?"

"அம்மான்னு சொன்னா! இப்ப! என் காதால கேட்டேன்!"

"நிஜமாவா? கிளிக்குட்டி, எங்க, இன்னொரு தடவை..."

"பிடுங்கி எடுக்காதீங்க. அவளா சொல்லட்டும்."

அதற்குள் அப்பாவின் போன் அலறியது. எங்கேயோ நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்களாம். அவர் இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போகையில், கிளி மறுபடியும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை கடகடவென்று முழுசாக வந்தது. எல்லாம் காதில் விழுந்தது; அம்மாவின் மனதில் ஏறியது முதல் வார்த்தை மட்டும்தான். கண் நிறைந்து, குழந்தையின் முகமே கலங்கித் தெரிந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கிளிக்குத் திடீரென்று தொட்டால் பிடிக்காது. சாக்ஸ் போட்ட பாதத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை படியேறி வந்ததும் அம்மா முதல் வேலையாக அவளிடம் சொன்னாள். "அண்ணி! கிளி இன்னிக்கு அம்மான்னு சொல்லிட்டா! 'அம்மாதான் பேசறேன்'னு, அப்படியே பெரிய மனுஷி மாதிரி!"

அத்தையின் தோளிலிருந்து பை நழுவியது.

"எப்ப?"

"இப்பதான். சாக்ஸ் போடும்போது."

"வேற என்ன சொன்னா?"

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. அத்தைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

பல்செட் கூடத்தில் அன்று வேலை குவிந்து கிடந்தது. பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, இளகிய மெழுகில் பல் பல்லாகப் பதித்துக்கொண்டே கதையைச் சொன்னாள். எதிர் மேசையில் பாலிஷ் போடும் அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அடி சக்கை! இதைச் சொல்லாம காலைலேர்ந்து பல்லை மட்டும் காட்டிக்கிட்டு இருக்கே! எங்க, எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு பாப்போம்."

அம்மா சிரித்துக்கொண்டே கிளியைப் போலத் தலையைச் சாய்த்தாள். "அம்மாதான் பேசறேன். வியாழக்கிழமை வேணாங்க. வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க. இல்லங்க, நாங்க வரல."

"என்ன வேணாமாம்?"

காலையில் அம்மாவின் காதோடு நின்றுவிட்ட பேச்சு, இப்போது தன் வாயால் சொன்ன பிறகுதான் உள்ளே இறங்கியது. மெழுகில் பாதி பதித்த முன்பல் கோணலாகச் சாய்ந்தது.

"ஏய், என்னாச்சு? முகம் ஏன் இப்படி வெளுக்குது?"

"அக்கா, அவ என்னைக் கூப்பிடல" என்றாள் அம்மா. "யாரோ போன்ல பேசினதைச் சொல்லியிருக்கா."

வெளியே வராந்தாவில் நின்று மையத்துக்குப் போன் போட்டாள். அவசரத்தில் எண் இரண்டு முறை தப்பியது.

"அடுத்த வார வியாழக்கிழமைங்களா?" வரவேற்பில் இருந்த பெண் தேடிப் பார்த்தாள். "நீங்கதானேங்க முந்தாநாள் கூப்பிட்டு வேணாம்னு சொன்னீங்க?"

"நான் கூப்பிடவே இல்லங்க."

"குழந்தையோட அம்மாதான் பேசறேன்னு சொன்னீங்களே. நான்தான் எடுத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டேன், யோசிச்சுச் சொல்லுங்கன்னு. அந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு."

"இனிமே எப்பக் கிடைக்கும்?"

"புதுசாப் பதிஞ்ச மாதிரிதான் ஆகும். கடைசியிலதான் வரும்."

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அது நான் இல்லங்க. சத்தியமா நான் இல்ல. எங்க வீட்ல யாரோ புரியாம பண்ணிட்டாங்க. எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு இருக்கோம் தெரியுமா?"

அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "அழாதீங்க. டாக்டரம்மாகிட்டக் கேட்டுப் பாக்கறேன். சாயந்திரத்துக்குள்ள கூப்பிடறேன். ஆனா உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

யார் பேசியிருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பகலில், கிளி இருக்கும் அறையில், அம்மா என்று சொல்லிப் பேசக்கூடிய ஆள் ஒருத்திதான்.

கணவருக்குப் போன் செய்தாள்.

"எங்க அக்காவா?" லிப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் அவர் குரல் எதிரொலித்தது. "ஹலோவுக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியாம போனை என்கிட்டக் குடுக்கறவளாச்சே!"

"அவங்கதாங்க."

"நீ வீட்டுக்குப் போ. இதை முடிச்சிட்டு ஓடி வரேன். அவளைத் திட்டிடாத. இல்ல, திட்டு. எனக்கு ஒண்ணும் புரியல."

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே திரையை இழுத்துவிட்டு, ஒரே ஒரு கோடு வெயில் மட்டும் தரையில் விழும்படி அத்தை விட்டிருந்தாள். அந்தக் கோட்டின் மேல் கிளி ஸ்பூன்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தை. முன்னால் துவைத்த துணிக் குவியல். முதலில் அப்பாவின் சட்டைகள், பிறகு சின்னச் சின்னது, கடைசியில் துண்டுகள். தினமும் அதே வரிசைதான். வரிசை மாறினால் கிளி தாங்கமாட்டாள்.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டாள். குழந்தை இருக்கும் இடத்தில் கத்தக் கூடாது என்ற ஒன்று மட்டும் நினைவில் இருந்தது.

"ஏன் அண்ணி?"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். மறுக்கவில்லை.

"எத்தனை நாள் காத்திருந்தோம்! போன் மணி அடிச்சா அவங்களா இருக்குமோன்னு குளிச்சுக்கிட்டு இருக்கும்போதுகூட ஓடி வந்தேனே, நீங்க பாத்தீங்கதானே? என் பேரைச் சொல்லி வேணாம்னுட்டீங்களே, எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"

அத்தை கையிலிருந்த துண்டை நீவிவிட்டாள். பேச்சு, துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருவதுபோல விட்டுவிட்டு வந்தது.

"நான் பேசாதவ. உனக்கே தெரியும்."

"அதுக்கு?"

"குழந்தைகிட்டப் பேசிக்கிட்டே இருக்கணுமாம். பேசாம வளத்தா இப்படித்தான் ஆகுமாம். கீழ்வீட்ல சொன்னாங்க. பொறந்ததுலேர்ந்து என்கிட்டதானே இருந்தா? நான் என்ன பேசினேன்? துணி மடிச்சேன்." மூச்சு வாங்கினாள். "அங்க போனா கேப்பாங்க, பகல்ல யாருன்னு. நான்தான்னு தெரிஞ்சிடும். தம்பி முன்னால சொல்லுவாங்க. அதான்... நீயே சொல்லு. என்னாலதானே?"

"இல்ல" என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல வேண்டியதும் அதுதான், உண்மையும் அதுதான். குழந்தை மருத்துவரிடம் இதே கேள்வியை அம்மா கேட்டிருக்கிறாள். பேசாமல் வளர்ப்பதால் வருவதில்லை, யாருடைய தப்பாலும் வருவதில்லை என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இருந்தும் தூக்கம் வராத பொழுதுகளில் அந்த நினைப்பு அம்மாவின் மனதில் வந்து உட்காரும். இவங்க கொஞ்சம் வாயைத் திறந்து பேசியிருந்தா? வேற யார்கிட்டயாவது விட்டிருந்தா?

அதனால் அவள் வாய் திறக்க ஒரு நொடி தாமதமாகிவிட்டது.

அந்த ஒரு நொடியை அத்தை பார்த்துவிட்டாள். துண்டைப் பாதி மடிப்பில் வைத்துவிட்டு எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அண்ணி! அண்ணி, நில்லுங்க!"

படியில் செருப்புச் சத்தம் மட்டும் இறங்கிப் போனது.

கிளி பாதி மடித்த துண்டைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடியும் துண்டைப் பார்த்தாள். பிறகு அலறினாள்.

அது அடம் பிடிக்கும் அழுகை இல்லை. உடம்பே அறுந்து போவதுபோல வரும் அலறல். தலையைத் தரையில் மோதப் போனாள். அம்மா தலையணையைக் குறுக்கே தள்ளினாள். துண்டை எடுத்து அத்தையைப் போலவே மடித்துப் பார்த்தாள். மூன்றாக மடிப்பதா, நாலாகவா? எந்தப் பக்கம் முதலில்? தெரியவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதை உட்கார்ந்து கவனித்ததில்லை. அவள் மடிக்க மடிக்க அலறல் கூடியது.

அப்பா கை நிறைய கிரீஸோடு வந்து சேர்ந்தபோது அம்மாவும் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் திரையை முழுசாக இழுத்தார். மின்விசிறியை நிறுத்தினார். கனமான போர்வையைக் கிளியின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். தொடவில்லை, பேசவில்லை. காத்திருக்கும் நாட்களில் அவர்களாகவே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டது அது. வார்த்தையைக் குறை, வெளிச்சத்தைக் குறை, பக்கத்திலேயே இரு.

வெகுநேரம் கழித்துப் போர்வை அசைந்தது. கிளி அதற்குள் நுழைந்துகொண்டாள். அலறல் விசும்பலாகி, விசும்பல் மூச்சாகியது.

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா அதை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"டாக்டரம்மாகிட்டச் சொன்னேங்க" என்றாள் வரவேற்புப் பெண். "நாளைக்குக் காலைல ஒரு குடும்பம் வர முடியலையாம். முதல் நேரம். அதை உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"நாளைக்கா? வரோம்! கண்டிப்பா வரோம்!"

"ஒரே ஒரு விஷயம். பகல்ல பாத்துக்கறவங்க அவசியம் வரணும். குழந்தையோட நாள் முழுக்க எப்படிப் போகுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க இல்லாம பாத்தா அரைகுறையாத்தான் இருக்கும்னு டாக்டரம்மா அழுத்திச் சொன்னாங்க."

அம்மா கூடத்துக்கு வந்து மெல்லிய குரலில் சொன்னாள். அப்பா உடனே எழுந்தார். "நான் போய் அக்காவைக் கூட்டிட்டு வரேன்."

"வேணாங்க. நான்தான் போகணும்."

"திட்டினியா?"

"திட்டியிருந்தாப் பரவாயில்ல" என்றாள் அம்மா. "நீங்க நாளைக்குப் போற இடத்தைப் படமா வரைஞ்சு வைங்க. காலைல திடீர்னு கூட்டிட்டுப் போனா தாங்கமாட்டா. வீடு, பஸ், மையம், திரும்ப வீடு. வரிசையா ஒட்டுங்க."

"நான் எதை வரைஞ்சாலும் லிப்ட் மாதிரிதான் வரும்."

"வரட்டும். கதவு மட்டும் திறந்திருக்கற மாதிரி வரைங்க."

பின்தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் வீட்டில் வெளிச்சமில்லை. அம்மா கதவைத் தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"அண்ணி, நான்தான். திறக்காட்டிப் பரவாயில்ல, கேளுங்க." கதவில் கை வைத்துக்கொண்டாள். "மத்தியானம் நான் உடனே பதில் சொல்லல. நானும் அப்படி நினைச்சதுண்டு. அதான் வாய் வரல. உங்களால இல்லன்னு டாக்டர் என்கிட்ட நேராவே சொன்னார். அதை உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும், சொல்லல. யார் மேலயாவது போட்டா மனசு கொஞ்சம் லேசாகுமேன்னு வெச்சுக்கிட்டேன். ஆகல அண்ணி. உங்க மேல போட்டது போக மீதியை என் மேல போட்டுக்கிட்டேன், குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போறவதானேன்னு."

உள்ளே நாற்காலி மறுபடியும் நகர்ந்தது.

"நீங்க போனப்புறம் அவ அழுததைப் பாத்திருந்தா தெரியும். அந்தத் துண்டை எனக்கு மடிக்கத் தெரியல. நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வந்தாதான் சரியா வரும்னு சொல்றாங்க. உங்களைக் குத்தம் சொல்றதுக்கு இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியுமாம்."

தாழ்ப்பாள் விலகியது. அத்தையின் முகம் வீங்கியிருந்தது.

"தெரியும்" என்றாள்.

"என்ன அண்ணி?"

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. உங்ககிட்டச் சொல்லல." வார்த்தையைத் தேடி நின்றாள். "கூப்பிட்டா திரும்பமாட்டாளே, அது எல்லாருக்கும் தெரியும். அது வேற. அப்ப அவ எதையோ பாத்துக்கிட்டு இருப்பா. தொட்டா கையைத் தட்டி விடுவா. இது அது இல்ல. இது வரும்போது தொட்டாலும் தெரியாது. கை அப்படியே நிக்கும். ஸ்பூன் கீழ விழும். கண்ணு மட்டும் மெல்ல மேல போகும். கொஞ்ச நேரந்தான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுத்த ஸ்பூனை எடுப்பா."

"இது வலிப்பு மாதிரில்ல இருக்கு! எப்பலேர்ந்து?" என்றாள் அம்மா.

"முன்னெல்லாம் எப்பவாவது. கனவு காணறான்னு நினைச்சேன். இந்த மாசம் அடிக்கடி வருது. சொன்னா, நீ பாத்துக்கற லட்சணம் இதுதானான்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு..." முடிக்க முடியவில்லை.

"கடைசியா எப்ப வந்தது அண்ணி?"

அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு. செருப்போட வந்து நின்னு என்கிட்ட ஏன்னு கேட்டியே, அப்ப. என் பக்கத்துலயே. நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்தே, அவளைப் பாக்கல."

அம்மா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் படியிலிருந்து இறக்கினாள். கதவைப் பூட்டக்கூட நிற்காமல் இருவரும் தெருவில் வேகமாக நடந்தார்கள். அங்கே கிளியோடு தனியாக இருக்கும் அப்பாவுக்கு, எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றே தெரியாது.